‘ஒரு ஃபைலைக் காணோம்!’

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வாசனை அடிக்காத தெரு ஒன்றைக் காட்டுங்கள்... எட்டு எம்.எம். ஏலக்காய் ஒரு கிலோ பரிசு! (பரிசு கொடுக்கப்போவது என் பெரியப்பா. அவரிடம் இன்னும் சொல்லவில்லை!)

பெரியப்பாவுக்கு அங்கே ஏலக்காய்க் கமிஷன் கடை. ஒரு நாள் காலையில் போன்.

"டேய்... ஒடனே கெளம்பி வா. கம்ப்யூட்டர் மண்டையப் போட்ருச்சு."

"நான் பி.காம். பெரியப்பா. கம்ப்யூட்டர் இன்ஜினீயர் இல்லை."

"எனக்குத் தெரியாதாக்கும்? ‘பி’ன்னா பேச்சிலர். ‘காம்’னா கம்ப்யூட்டர்தானே? வா, வா!"

மூன்று வருஷம் நான் காலேஜில் என்ன படித்தேன் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. தேனியில் பஸ் ஏறிவிட்டேன்.

சாக்கு மூட்டைகளுக்கு நடுவே, ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம், குங்குமம் அழியாமல் உட்கார்ந்திருந்தது அந்தக் கம்ப்யூட்டர். உள்ளே விண்டோஸ் எக்ஸ்பி. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி: ‘என்.டி.எல்.டி.ஆர். காணவில்லை.’

"யாரைக் காணோமாம்?" என்றார் பெரியப்பா.

"ஒரு ஃபைலைக் காணோம் பெரியப்பா. விண்டோஸைத் தட்டி எழுப்புற ஃபைல்."

"அட, எழுப்புறவனே தூங்கிட்டானா!"

எவ்வளவு பாக்கி?

‘இந்தக் காலத்தில் எக்ஸ்பியா?’ என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. நானும் சிரித்தேன். கணக்குப்பிள்ளை சிரிக்கவில்லை. அவர்தான் விஷயத்தைச் சொன்னார்.

வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு விவசாயி. இருபது வருஷமாக இந்தக் கடைக்குத்தான் காய் போட்டார். விற்ற பணத்தில் பாதியை வாங்கிக்கொண்டு, "மிச்சம் கடையிலேயே கெடக்கட்டும்" என்று விட்டுவிட்டுப் போவார். இப்போது அவர் இல்லை. தோட்டத்தை விற்பது பற்றிப் பேச அவருடைய மகன் அடுத்த வாரம் வருகிறான். அப்பாவுக்கு இந்தக் கடையில் பணம் இருப்பது மகனுக்குத் தெரியாது. பெரியப்பாவுக்குத் தெரியும். எவ்வளவு என்பது கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் தெரியும்! பேரேடு இருந்தது. அதைக் கரையான் படித்து முடித்துவிட்டது.

"அந்தப் பையன் கேக்கப் போறதில்ல. சும்மா இருந்துட்டா யாருக்கும் தெரியாது..." என்று யாரோ ஒரு தரகர் இழுத்தார்.

பெரியப்பா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். தரகர் டீ குடிக்கப் போய்விட்டார்.

கணக்கு எழுதும் புரோகிராம், 2000-களின் தொடக்கத்தில் யாரோ ஒரு பையன் பாக்ஸ்ப்ரோவில் செய்து கொடுத்தது. டாஸ் காலத்துச் சரக்கு. இன்றைய 64 பிட் விண்டோஸில் அந்த மாதிரி 16 பிட் புரோகிராம் ஓடவே ஓடாது. பில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் கேபிளைச் செருகப் புது கம்ப்யூட்டரில் ஓட்டையும் இல்லை. அதனால்தான் எக்ஸ்பியைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்.

பெரியப்பா கடை மட்டுமா? நம் ஊர் ஏ.டி.எம்.களில் ஏகப்பட்டது எக்ஸ்பியில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ‘2019 ஜூனுக்குள் எல்லா ஏ.டி.எம்.மையும் மாற்றி முடியுங்கள்’ என்று 2018 ஜூனில் ரிசர்வ் வங்கியே கெடு வைக்க வேண்டியிருந்தது. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பியை வெளியிட்டது 2001 அக்டோபரில். கைகழுவியது 2014 ஏப்ரல் 8-ம் தேதி. ரிசர்வ் வங்கியின் கெடு அதற்கும் நாலு வருஷம் கழித்து!

முதலில் டேட்டா!

கணக்குப்பிள்ளை சொன்னதுதான் முதல் பாடம். "தம்பி, எதைத் தொடுறதுக்கு முன்னாடியும் கணக்கை வெளிய எடுத்துருங்க. வீடு இடிஞ்சா கட்டிக்கலாம். பத்திரம் போச்சுன்னா?"

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டி, டேட்டா முழுவதையும் இரண்டு இடத்தில் காப்பி எடுத்தோம். பாக்ஸ்ப்ரோவின் டி.பி.எஃப். ஃபைல்களை இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸே திறந்து காட்டியது. வரிசை வரிசையாக எண்கள்! ஆனால் பெயர் இருக்கும் இடத்தில் குறியீடு. கமிஷன், சாக்கு, கூலி கழிக்கும் சூத்திரமெல்லாம் புரோகிராமுக்குள். எலும்பு தெரிந்தது, முகம் தெரியவில்லை.

அடுத்தது, சொருகியிருந்த பென் டிரைவைப் பிடுங்கிப் பார்த்தேன். சில சமயம் கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க்கை விட்டுவிட்டு, பென் டிரைவில் விண்டோஸைத் தேடிவிட்டு ‘காணோம்’ என்று அழும். இங்கே அதுவும் இல்லை. காணாமல் போன ஃபைலும் அதன் தம்பி என்.டி.டிடெக்டும் எக்ஸ்பி சிடியில் ‘ஐ386’ என்ற ஃபோல்டரில் இருக்கும். அங்கிருந்து எடுத்து ‘சி’ டிரைவில் போட்டாலே பல கம்ப்யூட்டர்கள் எழுந்து உட்கார்ந்துவிடும். இது எழுந்தது... உடனே வேறு ஃபைலைக் காணோம் என்று படுத்துவிட்டது. புதிதாக வேறொரு டிஸ்க்கில் எக்ஸ்பி போடுவதுதான் வழி.

எண்டர், எஸ்கேப், எஃப்3

சிடி கிடைத்தது. எங்கே? ஏலக்காய்ச் சாம்பிள் டப்பாவுக்குள். நிறையக் கீறல். நல்ல மணம்!

நீலத் திரை வந்தது. ஃபைல்கள் ஏறத் தொடங்கின. 38 சதவீதத்தில் நின்றது. ‘இந்த ஃபைலைக் காப்பி செய்ய முடியவில்லை. மறுபடி முயல எண்டர். விட்டுவிட்டுப் போக எஸ்கேப். வெளியேற எஃப்3.’

நான் எண்டரைத் தட்டினேன். அதே செய்தி. தட்டினேன். அதே செய்தி. வீரபாண்டி திருவிழாவில் உறுமிக்காரர்கூட அப்படித் தட்டியிருக்க மாட்டார்.

"எஸ்கேப்பை அமுக்கு. ஆயிரம் ஃபைல்ல ஒண்ணு இல்லாட்டி என்ன?" என்றார் பெரியப்பா.

பலரும் சறுக்கும் இடம் இதுதான், சார்! அந்த ஒன்று வெறும் படமாக இருந்தால் பிழைத்தோம். டிரைவராக இருந்தால்? முல்லைப் பெரியாறு அணையில் ஒரு கல்லை விட்டுவிட்டுக் கட்டியிருந்தால் 1895-ல் இருந்து கம்பம் பள்ளத்தாக்கில் நெல் விளைந்திருக்குமா?

சிடியைத் துடைத்தேன். நாம் எல்லோரும் தோசைக் கல்லைத் துடைப்பது போல வட்டமாகத் துடைப்போம். தப்பு. நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்க்கோடாகத் துடைக்க வேண்டும். வட்டமாக விழும் கீறல் வரிசையாக எழுதிய தகவலையே அழித்துவிடும். குறுக்குக் கீறலை டிரைவ் சமாளித்துக்கொள்ளும்.

துடைத்தும் அதே 38. அதே ஃபைல்!

தேனிப் பையன்

தேனியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பையனைக் கூப்பிட்டேன். வந்ததும் டாக்டர் மாதிரி ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"ஒவ்வொரு தடவையும் ஒரே ஃபைலைக் கேக்குதாண்ணே, வேற வேறயா?"

"ஒரே ஃபைல்."

"அப்ப சிடிதான் கோளாறு."

அதே ரக எக்ஸ்பி சிடி அவனிடம் இருந்தது. கம்ப்யூட்டர் பெட்டியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரிலிருந்த எண் அதற்குப் பொருந்தும் என்றான். (எந்தக் கடையிலாவது உறையின் மேல் பேனாவால் ‘ஒரிஜினல்’ என்று எழுதியிருந்தால் வாங்காதீர்கள். ஒரிஜினல் தன்னை ஒரிஜினல் என்று சொல்லிக்கொள்ளாது! இடத்தை மிச்சம் பிடிக்கப் பாதி ஃபைல்களை வெட்டி எறிந்த காப்பிகள் ஏராளம்.)

புது சிடி 38-ஐத் தாண்டியது. கை தட்டினோம். 61-ல் நின்றது. மறுபடி தொடங்கினால் 47. அடுத்து 70. ஒவ்வொரு தடவையும் வேறு ஃபைல்!

பையன் சிரித்தான். "இப்ப வேற வேறயா கேக்குது பாத்தீங்களா? சிடி மேல தப்பு இல்ல. ரேம்."

சிடியில் ஃபைல்களை அமுக்கி மூட்டை கட்டி வைத்திருப்பார்கள். மூட்டையைப் பிரிப்பது ரேமில். ரேமில் ஓட்டை இருந்தால் பிரிக்கும்போதே சரக்கு சிந்திவிடும். கம்ப்யூட்டர் சிடியின் மேல் பழி போடும். இரண்டு ரேமில் ஒன்றைக் கழற்றினான். மளமளவென்று நூறு!

ரேமும் சரி என்றால் கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும். அப்புறம் சிடி டிரைவ். அப்புறம் ஹார்ட் டிஸ்க். ஒன்றை மாற்றி ஒன்றைச் சோதிக்க வேண்டுமே தவிர, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் குற்றவாளி யாரென்று கடைசி வரை தெரியாது.

பெட்டிக்குள் சாவி

டீ குடிக்கும்போது பையன் விண்டோஸ் 98 கதையைச் சொன்னான். அதற்குப் பல சமயம் ஃப்ளாப்பி போட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். அந்த ஃப்ளாப்பி ரேமிலேயே ஒரு பொய் டிரைவை உண்டாக்கி அதற்கு ‘டி’ என்று பெயர் வைத்துவிடும். ‘டி’யாக இருந்த சிடி டிரைவ் ‘இ’ ஆகிவிடும். பாதி வேலை முடிந்து கம்ப்யூட்டர் மறுபடி கிளம்பும்போது ஃப்ளாப்பி கிடையாது, ‘இ’யும் கிடையாது. ‘சிடியைப் போடு’ என்று கேட்கும். சிடி உள்ளேதான் இருக்கும்! சில கம்ப்யூட்டர்களில் சிடி டிரைவைத் தெரிந்துகொள்ளும் டிரைவரே அந்த சிடிக்குள்தான் இருக்கும். பெட்டி பூட்டியிருக்கிறது, சாவி பெட்டிக்குள்!

மருந்து ரொம்பச் சுலபம். முதலிலேயே சிடியிலுள்ள ‘வின்98’ ஃபோல்டரை ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்து, அங்கிருந்தே செட்டப்பை ஓட்டுவது. எக்ஸ்பிக்கும் இதே வைத்தியம் உண்டு. ஐ386-ஐ ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, டாஸிலிருந்து ‘வின்என்டி’யை ஓட்டலாம். அதற்கு முன்னால் ‘ஸ்மார்ட்டிரைவ்’ என்பதை ஓட்ட மறந்தால் காப்பி ஆக மணிக்கணக்காகும். குமுளி போய்த் திரும்பி வந்துவிடலாம்.

இன்னொரு தொல்லை, ‘ஹார்ட் டிஸ்க்கே இல்லை’ என்று எக்ஸ்பி கையை விரிப்பது. இது போடிக்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும். 2010 கடைசியோடு மதுரை - போடி மீட்டர் கேஜ் ரயிலை நிறுத்தினார்கள். அகலப் பாதையில் தேனிக்கு 2022 மே மாதமும், போடிக்கு 2023 ஜூனிலும்தான் ரயில் வந்தது. பழைய பெட்டி புதுத் தண்டவாளத்தில் ஓடுமா? எக்ஸ்பிக்குத் தெரிந்தது ஐ.டி.இ. தண்டவாளம். பின்னால் வந்த சாட்டா டிஸ்க்குக்கு, தொடக்கத்திலேயே எஃப்6 அமுக்கி ஃப்ளாப்பியில் டிரைவர் கொடுக்க வேண்டும். அல்லது பயாஸுக்குள் போய் ‘ஏ.ஹெச்.சி.ஐ.’யை ‘ஐ.டி.இ.’ என்று மாற்ற வேண்டும்.

தமிழுக்கும் சிடி!

எக்ஸ்பி ஏறியது. ஒரு தமிழ்க் கடிதத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாக, காலி தீப்பெட்டி மாதிரி! எக்ஸ்பியில் தமிழ் எழுத்துக்குரிய ஃபைல்கள் சிடியில் உண்டு. ஆனால் தானாக ஏறாது. கன்ட்ரோல் பேனலில் மொழிப் பகுதிக்குப் போய் ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும். போட்டால் மறுபடி ‘சிடியைக் கொடு!’ அந்தக் காலத்தில் எத்தனை பேர் இதோடு ‘கம்ப்யூட்டரில் தமிழ் வராது’ என்று முடிவு கட்டினார்களோ! நாங்கள் ஐ386-ஐ ஹார்ட் டிஸ்க்கிலேயே போட்டு வைத்திருந்ததால், இடத்தைக் காட்டியதும் ‘லதா’ எழுத்துருவில் தமிழ் சிரித்தது.

"இன்டர்நெட் வயரை மட்டும் இதுல சொருகவே கூடாதுண்ணே" என்று எச்சரித்தான் பையன். நியாயம்தான். 2017 மே மாதம் ‘வான்னாகிரை’ வைரஸ் உலகத்தையே மிரட்டியபோது, கைகழுவிய எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் அவசர அவசரமாகத் தடுப்பூசி கொடுக்க வேண்டியிருந்தது. அந்த மாதிரி கருணை எப்போதும் கிடைக்காது.

கிளம்பும்போது சாவகாசமாக ஒன்று சொன்னான்: "டாஸ் புரோகிராம்தானே... ‘டாஸ்பாக்ஸ்’னு இலவசமா இருக்கு. புது கம்ப்யூட்டர்லயே ஓட்டிப் பாத்திருக்கலாம்."

"இதை முதல்லயே சொல்ல வேண்டியதுதானேப்பா!"

"எக்ஸ்பி போடணும்னுதானேண்ணே கூப்ட்டீங்க?"

கர்ர்ர்... கர்ர்ர்...

புரோகிராம் திறந்தது. கணக்குப்பிள்ளை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குறியீட்டைத் தட்டினார். டாட் மேட்ரிக்ஸ் கர்ர்ர் என்று இருபது வருஷத்தைத் துப்பியது. கடைசி வரியில் பாக்கி.

பெரியப்பா மனசுக்குள் போட்டு வைத்திருந்த கணக்கைவிட அது ஒன்றரை மடங்கு. தரகர் எட்டிப் பார்த்து விசில் அடித்தார். பெரியப்பா கொஞ்ச நேரம் காகிதத்தையே பார்த்துவிட்டு, "செக் புஸ்தகத்தை எடுங்க" என்றார்.

அடுத்த வாரம் அந்தப் பையன் வந்தான். காகிதத்தை முழுதாகப் படித்தான். "அப்பா ஒரு நாளும் சொல்லலியே..." என்றவனுக்கு மேலே பேச்சு வரவில்லை.

"எங்ககிட்டதான் சொன்னாரே. அது போதாதா?" என்றார் பெரியப்பா.

இப்போது அவர் கடையில் ஐ386 ஃபோல்டர் மூன்று இடத்தில் இருக்கிறது. புது கம்ப்யூட்டரில் டாஸ்பாக்ஸ் ஓடுகிறது. மாசக் கடைசியில் பாக்கிப் பட்டியலைக் காகிதத்தில் அடித்து இரும்புப் பெட்டியில் வைக்கிறார்கள். நகையோடு நகையாக, மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு எக்ஸ்பி சிடியும் உள்ளே இருக்கிறது.

போன வாரம் மறுபடி போன்.

"டேய், செல்போன்ல ஏதோ ‘அப்டேட்’ கேக்குது. பி.காம்.தானே நீ? வா, வா!"