பழுது பலகையிலா, பொருந்தும் இடத்திலா?

வலையமைப்புக் கருவி ஒன்று செயலிழந்தால், உள்ளிருக்கும் சுற்றுப் பலகையின் மீதே பழி சுமத்துவது பலருக்கு வழக்கம். பெருஞ்செலவில் புதுப் பலகை வருவிக்கப்படுகிறது, பழுதோ அகல்வதில்லை. பழுது பலகையில் அன்றி, அது பொருந்தும் செருகிடத்தில் இருந்திருக்கலாம் அன்றோ?

இதனைப் பிரித்தறிய எளிய வழி ஒன்றுண்டு. முதலில், கருவி பதிந்து வைத்துள்ள பிழைக்குறிப்புகளைப் படியெடுத்துக் கொள்க. மின்சாரத்தை நிறுத்தினால் அவை அழிந்துபோகலாம். பின்பு, நிலைமின் தாக்காதவாறு மணிக்கட்டுப் பட்டி அணிந்து, ஐயத்துக்குரிய பலகையைக் கழற்றி, அதனை ஏற்கவல்ல வேறொரு செருகிடத்தில் பொருத்துக. பழுது பலகையோடு கூடவே சென்றால் குற்றம் பலகையினது. பழைய இடத்திலேயே நின்றால் குற்றம் இடத்தினது. ஈரிடத்தும் தோன்றாது மறைந்தால், இணைப்புத் தளர்ந்திருந்தது எனக் கொள்ளலாம். ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றுக.

செருகுமுன் உள்ளேயுள்ள ஊசிமுனைகளை விளக்கொளியில் நோக்குதல் இன்றியமையாதது. ஒன்று வளைந்திருப்பினும் நல்ல பலகையும் கெடக்கூடும்.

பலகையே குற்றமுடையது எனத் தெளிந்தால், அதன் வகையெண்ணை உற்பத்தியாளரின் அறிவித்தல்களோடு ஒப்பிடுக. 2017 இல் சிஸ்கோ நிறுவனம், தன் கருவிகள் சிலவற்றில் கடிகாரத் துடிப்பை வழங்கும் உறுப்பு ஏறத்தாழ 18 மாத இயக்கத்தின் பின் பழுதுறக்கூடும் என அறிவித்தது. அவ்வாறு நின்ற கருவி மீண்டும் இயங்காது. அத்தகைய அறிவித்தலை முன்னரே அறிந்தவர், கருவி நிற்குமுன்னரே மாற்று ஒழுங்கு செய்துகொள்வார்.