மடங்காத மடக்குக் கத்தி

பென்சில் சீவும்போது மடக்குக் கத்தி திடீரென மடங்கி நம் விரலைப் பதம் பார்த்ததுண்டல்லவா? மான் தோலுரிக்கும் வேடனுக்கு அது விளையாட்டன்று. இரத்தத்தில் கை வழுக்கும் வேளையில் அலகு மடங்கினால் விரலுக்கே ஆபத்து. ஆகவேதான், ரோமானியர் காலத்திலேயே மடக்குக் கத்தி இருந்தும், வேடர்கள் உறையிலிட்ட நெடுங்கத்தியையே பெரிதும் நம்பினர்.

ஸ்பெயின் தேசத்து நவாஹா கத்திகளுக்குப் பூட்டு முன்பே உண்டு. ஆயினும் வேட்டைக்காரர் மனத்தை மிகவும் கவர்ந்தது, அமெரிக்காவில் 'பக்' குடும்பத்தார் 1964-ல் வெளியிட்ட 110-ஆம் எண் கத்தியே. 3¾ அங்குல அலகு. மரப்பிடியின் இரு முனையிலும் பித்தளை. அலகை விரித்ததும், பிடியின் முதுகிலுள்ள எஃகுத் தண்டு வில்விசையால் அலகின் அடிப்பள்ளத்தில் 'டக்'கென்று விழும். அதை அழுத்தினாலன்றி அலகு மடங்காது. அந்த ஓசைக்காகவே அதை விரித்து மடக்கிக் கொண்டிருப்பவரும் உண்டு. பித்தளையின் கனத்தைத்தான் சட்டைப் பை தாங்காது. ஆகையால், இடைவாரில் மாட்டிக்கொள்ள உறையொன்றையும் கூடவே தருகிறார்கள்!