கடலுக்குச் சுழி பார்த்தார்கள்

மாடு வாங்கச் சந்தைக்குப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பதோடு நிற்பதில்லை; சுழியையும் பார்ப்பார். சுழி சரியில்லையென்றால் விலை எவ்வளவு மலிவானாலும் கயிற்றைத் தொடமாட்டார். அந்த நம்பிக்கையில் உண்மை எவ்வளவு என்று நான் இங்கே வாதாடப் போவதில்லை. ஆனால் சமுத்திரத்துக்கும் சுழிகள் உண்டென்பதும், அவற்றைப் பார்ப்பதற்கென்று பெரிய தேசங்கள் ஆகாயத்தில் யந்திரங்களைச் சுற்றவிட்டிருக்கின்றன என்பதும் சத்தியமான சங்கதிகள்.

1984-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் அமெரிக்காவின் 'சாலஞ்சர்' விண்கலத்தில் ஏழு பேர் பிரயாணம் செய்தார்கள். அவர்களில் ஒருவர் பால் ஸ்கல்லி-பவர், ஆஸ்திரேலியாவில் பிறந்தவர், சமுத்திர ஆராய்ச்சியே தொழிலாகக் கொண்டவர். ஆகாயத்திலிருந்து கடலைப் பார்த்தவர்கள் அவருக்கு முன்னும் உண்டு. கடலைப் படித்தவர் ஒருவர் அங்கிருந்து பார்த்தது அதுவே முதல் தடவை. சூரிய ஒளி நீரில் பட்டுத் தகதகக்கும் இடங்களில் அவர் கண்டவை சங்கின் முகத்தைப் போல உள்ளுக்குள் சுருண்ட கோலங்கள். அப்போலோ யாத்திரைகளின் படங்களிலேயே இவை தென்பட்டதுண்டு. ஏதோ அபூர்வமான காட்சி என்றே அப்போது நினைத்திருந்தார்கள். ஸ்கல்லி-பவர் பார்த்த பிறகுதான் இவை உலகத்துச் சமுத்திரங்களில் எங்கும் பரவிக் கிடப்பவை என்று தெரிந்தது.

ஒவ்வொரு சுழியும் 10 முதல் 25 கிலோமீட்டர் வரை அகலமுள்ளது. வட கோளத்தில் பெரும்பாலும் இடஞ்சுழி. தென் கோளத்தில் வலஞ்சுழி. பூமியின் சுழற்சிதான் காரணம். 2000-ஆம் வருஷத்தில் வால்ட்டர் மங்க் என்ற பேரறிஞரும் அவருடைய சகாக்களும் இந்தச் சுழிகளைப் பற்றி விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள்.

நீரின் மேல் இப்படிக் கோலம் எப்படி விழுகிறது? எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளத்தில் இறங்குகிறவர்கள் இதைக் கண்டிருப்பார்கள். எண்ணெய் படர்ந்த இடத்தில் சிற்றலை அடங்கிவிடும். நீர் கண்ணாடிபோல் ஆகும். கடலிலுள்ள நுண்ணுயிர்களும் இப்படி ஒரு மெல்லிய பசையை வெளியிடுகின்றன. இரண்டு நீரோட்டங்கள் சந்திக்கும் இடத்தில் அந்தப் பசை கோடு கோடாகச் சேர்கிறது. சுழி அந்தக் கோட்டைப் பிடித்துச் சுருட்டுகிறது. அடங்கிய நீர் ஒளியை ஒரு விதமாகவும், சிற்றலை உள்ள நீர் வேறு விதமாகவும் திருப்பியனுப்ப, கோலம் துலங்குகிறது.

"சுழி இருந்தால் இருந்துவிட்டுப் போகிறது, நமக்கென்ன?" என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பூமியில் மிகுதியாகச் சேர்ந்துகொண்டிருக்கும் உஷ்ணத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் சமுத்திரம்தான் வாங்கிக்கொள்கிறது. வாங்கியதை மேற்பரப்பிலேயே வைத்திருந்தால் அது வெகு சீக்கிரத்தில் நிரம்பிவிடும். ஆழத்துக்கு இறக்க வேண்டும். அந்த இறக்குமதி எங்கே நடக்கிறது என்று தேடினால், இந்தச் சிறு சுழிகளின் ஓரங்களில் வந்து நிற்கிறோம். அங்கே நீர் ஒரே நாளில் பல பத்து மீட்டர் இறங்குகிறது, ஏறுகிறது. ஏறும் நீர் ஆழத்திலுள்ள உரச்சத்தைக் கொண்டுவருகிறது. அதை உண்டு நுண்ணிய பாசி தழைக்கிறது. அதைத் தேடிச் சிறு மீன், அதைத் தேடிப் பெரிய மீன். வருங்காலத்துச் சீதோஷ்ணத்தைக் கணக்கிடும் யந்திரங்களோ கடலைப் பெரிய பெரிய கட்டங்களாகப் பிரித்துக்கொண்டு கணக்கிடுகின்றன. அநேகமாக அந்தக் கட்டங்களுக்குள் ஒரு சுழி முழுவதும் மறைந்துவிடும். கணக்கில் வராத சுழி எவ்வளவு உஷ்ணத்தை விழுங்குகிறது என்பது பெரிய கேள்வியல்லவா?

சூரிய ஒளியை நம்பியிருந்தால் இரவிலும் மேகத்திலும் வேலை நின்றுபோகும். அதனால் ரேடாரின் உதவியை நாடினார்கள். கடல் உண்மையில் சமதளமல்ல. நீரோட்டத்துக்கும் சுழிக்கும் ஏற்பச் சில இடங்களில் மேடாகவும் சில இடங்களில் பள்ளமாகவும் இருக்கிறது. 1992-இல் அமெரிக்காவும் பிரான்ஸும் சேர்ந்து அனுப்பிய செயற்கைக் கோள் அந்த மேடு பள்ளத்தைச் சென்டிமீட்டர் கணக்கில் அளந்தது. ஆனால் அது தன் காலடியில் உள்ள ஒரே கோட்டைத்தான் அளக்கும். பூமத்திய ரேகையில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே சுமார் 300 கிலோமீட்டர் இடைவெளி. பெரிய கண்ணுள்ள வலையில் நெத்திலி பிடிக்கப் போன கதைதான்!

நம் தேசத்துக்கும் இதில் பங்குண்டு. 2013 பிப்ரவரி 25-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 'சரள்' என்ற செயற்கைக் கோள் கிளம்பியது. இந்தியாவும் பிரான்ஸும் கூட்டாகச் செய்தது. கடலின் உயரத்தை அளக்க அதுவரை யாரும் கையாளாத நுண்ணிய அலைவரிசையை அது கையாண்டது. அளவு முன்னைவிடக் கூர்மையாயிற்று. ஆயினும் அதுவும் ஒரே கோடுதான்.

2022 டிசம்பர் 16-ஆம் தேதி அமெரிக்காவும் பிரான்ஸும் அனுப்பிய 'ஸ்வாட்' என்ற கோள் இந்தக் குறையைத் தீர்க்க வந்தது. சரள் கையாண்ட அதே வகை அலையைத்தான் இதுவும் கையாள்கிறது. ஆனால் இதற்கு இரண்டு கண்கள். பத்து மீட்டர் நீளமுள்ள ஒரு கம்பத்தின் இரு முனைகளிலும் இரண்டு ஆண்டெனாக்கள். மனிதன் இரண்டு கண்களால் தூரத்தை மட்டிடுவதுபோல, கடலிலிருந்து திரும்பும் அலை இரண்டுக்கும் வந்து சேரும் சிறு வித்தியாசத்தைக் கொண்டு நீரின் உயரம் கணக்கிடப்படுகிறது. சுமார் 890 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 120 கிலோமீட்டர் அகலமுள்ள பட்டையை, நடுவில் ஒரு சிறு இடைவெளி நீங்கலாக, ஒரே வீச்சில் பார்த்துவிடுகிறது. வெறும் கோடு படமாகிவிட்டது!

2023-ஆம் வருஷத்தில் முதல் சில மாதங்கள் ஒரே பாதையில் தினந்தோறும் பறக்கவிட்டு அதைப் பரீட்சித்தார்கள். அப்போது ஒரே இடத்தை நாள்தோறும் பார்க்க முடிந்தது. பிறகு பூமி முழுவதையும் அளக்க வேண்டி வேறு பாதைக்கு மாற்றினார்கள். இப்பாதை 21 நாளைக்கு ஒரு முறைதான் தொடங்கிய இடத்துக்குத் திரும்புகிறது. சிறு சுழியின் ஆயுளோ சில மணி நேரம், மிஞ்சினால் சில நாட்கள். மேலும், கோள் மேற்பரப்பின் உயரத்தைச் சொல்லுமே தவிர, நீர் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று நேரே சொல்லாது. இதற்காகக் கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் 2021 முதல் 2023 வரை கப்பல்களையும், விமானங்களையும், மாலுமியில்லாமல் தாமே ஓடும் பாய்மரப் படகுகளையும் சேர்த்து அனுப்பிச் சுழிகளைத் துரத்தினார்கள். மேலே இருப்பவன் திசை காட்ட, கீழே இருப்பவன் நீரில் கைவிட்டுப் பார்க்கிறான். இப்போதைக்கு வேலை அப்படித்தான் நடக்கிறது.