கோலார் தங்கச் சுரங்கக் கம்பெனிகள்: போட்டியும் புதுமையும் பொது விசாரணையும்

பெருந்தொழில் நுட்பக் கம்பெனிகள் என்றதும் இக்காலத்தில் கணிப்பொறியும் கைபேசியுமே நம் நினைவிற்கு வருகின்றன. அக்கம்பெனிகள் தம்முள் போட்டியிடுவதும், நாள்தோறும் புதுமை காண்பதும், சர்க்காரும் நீதிமன்றங்களும் பொதுமக்களும் அவற்றிடம் கணக்குக் கேட்பதும் நம் தலைமுறையில்தான் தோன்றின என்று கருதுவாரும் உளர். அங்ஙனம் கருதுவோர், பங்காருப்பேட்டையிலிருந்து பிரிந்து செல்லும் சிறு ரயில் பாதையின் கடைசி நிலையமாகிய மாரிகுப்பம் வரை ஒருமுறை சென்று வருதல் நலம். 1894-இல் திறக்கப்பட்ட அப்பாதை முடியும் இடத்தில், சென்ற நூற்றாண்டின் மிக முன்னேறிய தொழில் நுட்பங்கள் சில நம் நாட்டில் முதன்முதலாக வேரூன்றின. அங்கே எடுக்கப்பட்ட தங்கம் குன்றிமணி அளவும் தவறாமல் நிறுக்கப்பட்டது. வேறு சில பொருள்களை அளக்கும்படி கம்பெனிகளைப் பிறர் வற்புறுத்த வேண்டியிருந்தது. இவ்விரண்டாவது செய்தியே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் போட்டியைக் காண்போம். 1875-இல் லவேல் என்ற முன்னாள் போர்வீரர் கோலார்ப் பகுதியில் தங்கம் தேடும் உரிமையை மைசூர் சர்க்காரிடம் பெற்றார். பொருள்வசதி போதாமையால் அவ்வுரிமை சில ஆண்டுகளிலேயே பிறர் கைக்கு மாறியது. இதே காலத்தில் நீலகிரியை அடுத்த வயநாட்டுப் பகுதியில், பந்தலூர், தேவாலா ஆகிய ஊர்களைச் சுற்றித் தங்கம் கொழிக்கிறது என்ற பேச்சு இலண்டன் பங்குச் சந்தையில் பரவியது. கம்பெனிகள் மழைக்கால ஈசல்போல் கிளம்பின. இரண்டு மூன்று ஆண்டுகளில் ஈசல்போலவே மடிந்தன. நிலத்தைச் சோதிக்குமுன் பங்குகளை விற்றதன் பயன் அது. கோலாரில் 1880-இல் தோன்றிய மைசூர் தங்கச் சுரங்கக் கம்பெனியும் கைப்பணம் ஏறத்தாழக் கரைந்த நிலையை அடைந்தது. எனினும் அதன் நிர்வாகிகளாகிய ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனத்தார் தோண்டுவதை நிறுத்தவில்லை. பண்டைக் காலத்தார் தோண்டி விட்டுச்சென்ற குழிகளுக்கடியில் பிளம்மர் என்ற சுரங்க நிபுணர், பிற்காலத்தில் ‘சாம்பியன்’ எனப் பெயர் பெற்ற வளமான பொன் நாளத்தைக் கண்டறிந்தார். மாரிகுப்பத்திலிருந்து வடக்கு நோக்கி அந்நாளத்தின்மீது மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் ஆகிய நான்கு சுரங்கங்களும் வரிசையாக அமைந்தன. கம்பெனிகள் நான்காயினும் நிர்வாகம் ஒன்றே. ஆதலின் அவற்றிடையே நிகழ்ந்த போட்டியைக் காட்டிலும், அவற்றிற்கு யந்திரமும் செயல்முறையும் விற்க வந்தோரிடையே நிகழ்ந்த போட்டியே நமக்கு அதிகம் கற்பிக்கக் கூடியது.

பொன் கலந்த படிகக்கல்லை இரும்பு உலக்கைகளால் தூளாக்கிப் பாதரசம் பூசிய தகடுகளின்மேல் ஓடவிடுவது பழைய முறை. பாதரசம் பொன்னைப் பற்றிக்கொள்ளும். ஆயினும் மிக நுண்ணிய துகள்கள் கழிவோடு போய்விடும். 1887-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மக்ஆர்தர் என்பாரும் ஃபாரஸ்ட் சகோதரர் இருவரும், நீர்த்த சயனைடுக் கரைசல் காற்றிலுள்ள பிராணவாயுவின் துணையால் பொன்னைக் கரைக்கும் என்பதைப் பயன்படுத்தி ஒரு முறை வகுத்துப் பேட்டண்டு உரிமை பெற்றனர். கரைந்த பொன்னைத் துத்தநாகத்தைக் கொண்டு மீண்டும் பிரித்துக்கொள்ளலாம். இவ்வுரிமையை வைத்திருந்த கம்பெனி உலகெங்கும் சுரங்கங்களிடம் கட்டணம் கேட்டது. தென்னாப்பிரிக்கச் சுரங்க முதலாளிகள் வழக்காடினர். 1896-இல் டிரான்ஸ்வால் நீதிமன்றம் அவ்வுரிமை அங்கே செல்லாது எனத் தீர்ப்பளித்தது. நாலாயிரம் மைல்களுக்கு அப்பால் நடந்த இவ்வழக்கிற்கும் மாரிகுப்பத்திற்கும் தொடர்பு இல்லாமற் போகவில்லை. அந்நூற்றாண்டு முடிவதற்குள் கோலாரிலும் சயனைடு முறை நிலைபெற்றது. பழைய கழிவுகளும் மறுபடி பொன் தந்தன.

அடுத்தது மின்சாரம். சுரங்க நீரை இறைக்கவும் தாதுவை மேலேற்றவும் நீராவி யந்திரங்கள் விறகையும் நிலக்கரியையும் விழுங்கிக்கொண்டிருந்தன. மைசூர் சர்க்கார் சிவசமுத்திரத்தில் காவிரியின் வீழ்ச்சியைக் கொண்டு மின்சாரம் எடுக்க முற்பட்டது. நீர்ச்சக்கரங்களைச் சுவிட்சர்லாந்தின் எஷர் வீஸ் கம்பெனியும், மின்யந்திரங்களை அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியும் வழங்கின. 1902 ஜூன் 30-ஆம் நாள் ஏறத்தாழ 92 மைல் தொலைவைக் கடந்து மின்சாரம் சுரங்கத்தை அடைந்தது. அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்கம்பித் தொடர்களுள் அதுவும் ஒன்று. பெங்களூர் நகரத் தெருவில் மின்விளக்கு எரிந்தது 1905-இல்தான் என்பதை மாணவர்களுக்குச் சொன்னால் வியப்புறுவர். அவ்வளவு தூரம் மின்சாரத்தை அனுப்ப ஏன் முப்பதாயிரம் வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தம் வேண்டியிருந்தது என்பதையும் உடன் விளக்கலாம்: அதே சக்தியை இருமடங்கு அழுத்தத்தில் அனுப்பினால் மின்னோட்டம் பாதியாகும், கம்பியில் வெப்பமாக வீணாகும் சக்தியோ கால் பங்காகும்.

1905-ஆம் ஆண்டளவில் ஆண்டு உற்பத்தி ஆறு லட்சம் அவுன்சைத் தாண்டி உச்சத்தை எட்டியது. மேல்மட்டத் தாது தீரத் தீரச் சுரங்கங்கள் ஆழ்ந்தன. சாம்பியன் ரீஃப் இறுதியில் 10,000 அடிக்கும் கீழே சென்றது. அங்குப் பாறையின் உஷ்ணம் ஏறத்தாழ 65 டிகிரி சென்டிகிரேடு. குளிர்வித்த காற்றை உள்ளே செலுத்தியே வேலை நடத்த முடிந்தது. மேலிருக்கும் பாரத்தால் நெருக்குண்ட பாறை திடீரெனச் சிதறி உயிர்களைப் பலிகொள்ளும் விபத்துகளும் ஆழத்தோடு பெருகின.

இவ்வாழத்தில் உழைத்தோர் பெரும்பாலும் வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து குடியேறிய ஏழைத் தமிழ் மக்கள். அவர்களை நிர்வாகம் கண்காணித்தது. தங்கத் திருட்டைத் தடுக்கக் கடுமையான சட்டங்களும் இருந்தன. 1930-இல் தொழிலாளரின் கைரேகையைப் பதிவு செய்யும் ஏற்பாடு வந்தபோது அவர்கள் வேலை நிறுத்தம் செய்தனர். அஃது ஏறத்தாழ மூன்று வாரம் நீடித்தது. கைரேகைப் பதிவு அந்நாளில் புதுமையான ஒரு தொழில் நுட்பமே. அதன் தேவை ஐயத்திற்குரியது என்று விஞ்ஞானம் பயிலாத தொழிலாளர் முதலில் கேட்டனர். இதை எழுத்தறிவின்மையின் பயம் என்று தள்ளுவது எளிது. ஆயினும் ‘என் கைரேகையை யார், எதற்காக வைத்திருப்பார்?’ என்ற அக்கேள்வியை இன்று படித்தவர்களும் கேட்கின்றனர்.

கண்காணிப்பு மறுபக்கம் திரும்பியது தூசியின் விஷயத்தில். பாறையைத் துளையிடும்போது எழும் சிலிக்காத் தூசியில், கண்ணுக்குப் புலப்படாத நுண்துகள்களே நுரையீரலின் ஆழம் வரை செல்லக்கூடியவை. அங்கே அவை தங்கிய இடமெல்லாம் தழும்பேறும். மூச்சு படிப்படியாகக் குறையும். சிலிக்கோஸிஸ் எனப்படும் இந்நோய் வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகும். வந்த பின் தழும்பை அகற்றும் மருந்து இல்லை. தொழிலாளர் பலர் சொந்த ஊருக்குத் திரும்பிய பின்னரே இறந்தமையால், இழப்பு எந்தக் கம்பெனிக் கணக்கிலும் ஏறாதிருந்தது. 1940 முதல் 1946 வரை கோலாரில் 7,600-க்கு மேற்பட்ட தொழிலாளர் பரிசோதிக்கப்பட்டனர். நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோரிடம் நோய் காணப்பட்டது. இஃது ஒரு நாளில் தோன்றிய தீங்கன்று. அளக்கத் தொடங்கிய நாளில் தெரியவந்த தீங்கு. துளைக்கும்போது நீர் பாய்ச்சித் தூசியை அடக்குவதும், காற்றோட்டத்தைப் பெருக்குவதும் சயனைடு முறையைவிடக் கடினமான பொறியியல் அல்ல. முன்னது பொன் தந்தது. பின்னது செலவு மட்டுமே வைத்தது.

1956-இல் சுரங்கங்கள் மைசூர் ராஜ்யத்தின் உடைமையாயின. 1962-இல் மத்திய சர்க்கார் ஏற்றது. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் அமைந்தது. பாறைச் சிதறலையும் சுரங்கப் பாதுகாப்பையும் ஆராயத் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988-இல் இங்கேயே தோன்றியது. தாதுவின் தரமோ ஒரு டன்னுக்கு ஓர் அவுன்சுக்கு மேல் இருந்த நிலையிலிருந்து சில கிராம் அளவுக்கு இறங்கிவிட்டது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. அதுவரை எடுத்த பொன் ஏறத்தாழ 800 டன்.

எஞ்சியிருப்பவை, பொன் பிரித்தெடுத்த பின் கொட்டிய மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட தூள்மேடுகள். அவற்றை மக்கள் சயனைடு மேடு என்றே வழங்குகின்றனர். சயனைடு வெயிலிலும் காற்றிலும் பெரும்பகுதி சிதைந்துவிடக் கூடியது; பாறைத் தூள் அங்ஙனம் சிதைவதில்லை. கோடையில் காற்று எழும்போது அது வீடுகளிலும் பள்ளிகளிலும் படிகிறது. டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவான பொன் இம்மேடுகளில் இருப்பதால், இவற்றை மீண்டும் பதப்படுத்தும் யோசனை பலமுறை எழுந்துள்ளது. அதற்காக மேட்டைக் கிளறும்போது எழும் தூசியை அளப்பவர் யார் என்பதை, ஒப்பந்தம் எழுதுமுன்பே கேட்டறிதல் வேண்டும்.

இவ்வட்டாரத்து ஆசிரியர்கள், பிசின் தடவிய கண்ணாடித் தகடுகளை மேட்டிற்கு அருகிலும் தொலைவிலும் ஒரே உயரத்தில் வைத்து, மார்ச் முதல் மே வரை வாரந்தோறும் படியும் தூசியை மாணவரைக் கொண்டு ஒப்பிட்டுக் குறிக்கலாம். மேட்டில் விளையாடவோ மண் எடுக்கவோ மாணவரை அனுப்பலாகாது. தகட்டில் படிவது பெருந்துகளே. மூச்சோடு உட்செல்லும் நுண்துகளை அளக்கக் காற்றை உறிஞ்சி வடிகட்டும் கருவி வேண்டும். அக்கருவி ராஜ்ய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் உண்டு. மாணவர் எழுதிய குறிப்பை இணைத்து, அதனைக் கோடைக் காலத்தில் தம் பள்ளி வளாகத்தில் வைக்கும்படி தலைமையாசிரியர் எழுதிக் கேட்கலாம்.