ஒரே ஒரு தாள்!

பள்ளி அலுவலகத்திலோ ஜெராக்ஸ் கடையிலோ பழைய லேசர் பிரிண்டரைப் பார்த்திருப்பீர்கள். சில நேரம் 'கர்ர்' என்று சத்தம் மட்டும் வரும், தாள் வராது. சில நேரம் மூன்று நான்கு தாள்களைச் சேர்த்து இழுத்து மாட்டிக்கொள்ளும். "மிஷினுக்கு வயசாயிடுச்சு" என்பார்கள் பெரியவர்கள். வயதானது மிஷினுக்கா? பெரும்பாலும் அதற்குள் இருக்கும் ஒரு ரப்பர் உருளைக்குத்தான்!

சாதாரண ஏ4 தாளின் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர். எடை ஏறக்குறைய 5 கிராம். இவ்வளவு மெல்லிய தாள்களின் கட்டிலிருந்து ஒன்றே ஒன்றைப் பிரித்தெடுக்க நாமே விரலை ஈரப்படுத்துகிறோம். விரலே இல்லாத பிரிண்டர் என்ன செய்கிறது? உராய்வைப் பயன்படுத்துகிறது.

தாளுக்கு மேலே சுழல்வது பிக்கப் ரோலர் என்ற ரப்பர் உருளை. அதற்கு எதிரே, தாளுக்கு அடியில், ஒரு சின்னப் பட்டை இருக்கும். மெக்கானிக்குகள் அதைப் 'பேடு' என்பார்கள். இங்கே மூன்று உராய்வுகள் உண்டு. உருளைக்கும் தாளுக்கும் இடையே இருப்பது மிக அதிகம். பேடுக்கும் தாளுக்கும் இடையே இருப்பது நடுத்தரம். தாளுக்கும் தாளுக்கும் இடையே இருப்பது மிகக் குறைவு. இரண்டு தாள்கள் சேர்ந்து வந்தால் மேல் தாளை உருளை இழுக்கும், கீழ்த் தாளைப் பேடு பிடித்துக்கொள்ளும். தாள்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிப் பிரிந்துவிடும்.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். பத்துத் தாள்களை அடுக்கி, மேலே புது அழிரப்பரை லேசாக அழுத்தித் தள்ளுங்கள். மேல் தாள் நகரும். இப்போது ரப்பரில் முகப்பவுடர் தடவித் தள்ளுங்கள். ரப்பர் வழுக்கும், தாள் அசையாது!

பிரிண்டரிலும் இதுதான் நடக்கிறது. தாளிலிருந்து உதிரும் நுண்தூள் நாளடைவில் உருளையில் படிகிறது. காற்றும் வெப்பமும் பட்டு ரப்பர் இறுகி, வழவழப்பாகிவிடுகிறது. பிடிமானம் போய்விடுகிறது.

இன்னொரு வேடிக்கை: எங்கும் தாள் சிக்காமலே 'பேப்பர் ஜாம்' என்று பிரிண்டர் சொல்லும். தாள் போகும் வழியில் ஒரு குட்டி நெம்புகோல் உண்டு. தாள் வந்து அதைத் தள்ள வேண்டும். உரிய நேரத்தில் தள்ளாவிட்டால், 'தாள் வழியில் மாட்டிக்கொண்டது' என்று பிரிண்டர் முடிவு கட்டிவிடும். உண்மையில் உருளை வழுக்கியதால் தாள் தாமதமாகியிருக்கும்.

மழைக்காலத்தில் தாளே குற்றவாளி. காற்றின் ஈரத்தை உறிஞ்சிய தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆகவே பிரித்த கட்டை அதன் உறையிலேயே மூடி வையுங்கள்.

உருளையைச் சுத்தம் செய்ய, பெரியவர்கள் மின்இணைப்பைத் துண்டித்து, சூடு ஆறியபின், நூல் உதிராத துணியைத் தண்ணீரில் லேசாக நனைத்துத் துடைத்தால் போதும். எண்ணெய் மட்டும் போடக் கூடாது, உராய்வு இன்னும் குறைந்துவிடும். ரப்பர் இறுகிப்போயிருந்தால் உருளையை மாற்றத்தான் வேண்டும். பிரிண்டருக்குள் மைத்தூளை உருக்கித் தாளில் பதிக்கும் பகுதி 200 டிகிரி செல்சியஸை நெருங்கும் அளவுக்குச் சுடும். அங்கே கை வைக்கவே கூடாது!

இனி எங்காவது பிரிண்டர் மக்கர் செய்தால், எத்தனை தாள் வருகிறது என்று கவனியுங்கள். ஒன்றுமே வராவிட்டால் முதலில் உருளையைச் சந்தேகப்படுங்கள். கொத்தாக வந்தால் பேடு தேய்ந்திருக்கலாம், அல்லது தாள் ஈரமாக இருக்கலாம். எந்த உராய்வு தன் வேலையைச் செய்யவில்லை என்று நீங்களே பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்!