பளபளப்பைத் தாண்டிப் பார்க்கும் நிறமாலைமானி

வத்தலக்குண்டுச் சந்தைக்கு வரும் கத்தரிக்காய், தக்காளி, வெற்றிலை ஆகியவற்றின் மேல்தோலில் இயற்கையாகவே ஒரு மெல்லிய மெழுகுப் படலம் உண்டு. நீர் வற்றிப்போகாமல் காக்கும் அந்தப் படலமே அவற்றுக்குப் பளபளப்பையும் தருகிறது. வாங்குபவர் அதைக் கண்டு சரக்கு புதிது என்று எடைபோடுகிறார். ஆனால் காயின் பக்குவத்தையோ இலையின் பச்சையத்தையோ அறுக்காமல், அரைக்காமல் அறிய முயலும் கையடக்க நிறமாலைமானிக்கு அந்தப் பளபளப்பே முதல் இடையூறாக நிற்கிறது.

பொருளின்மேல் பட்டுத் திரும்பும் ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து, எந்த நிறம் எவ்வளவு திரும்பியது, எவ்வளவு விழுங்கப்பட்டது என்று அளப்பதே நிறமாலைமானியின் வேலை. பச்சையம் 680 நானோமீட்டரை ஒட்டிய சிவப்பொளியை மிகுதியாக உறிஞ்சுவதால், அந்த இடத்தில் திரும்பிவரும் ஒளி எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைக் கொண்டு பச்சையத்தை மதிப்பிடலாம். ஆயினும் ஒளி இருவகையாகத் திரும்புகிறது. ஒரு பகுதி திசுக்களுக்குள் புகுந்து, பலமுறை சிதறி, உள்ளிருக்கும் வேதிப்பொருள்களின் சுவட்டைச் சுமந்துகொண்டு எல்லாத் திசைகளிலும் வெளிவருகிறது. இது ஒழுங்கற்ற எதிரொளிப்பு. மற்றொரு பகுதியோ உள்ளே நுழையாமலே, விழுந்த கோணத்துக்குச் சமமான கோணத்தில் மேற்பரப்பிலிருந்து மீள்கிறது. பளபளப்பாகத் தெரிவது இந்த ஒழுங்கான எதிரொளிப்புதான். இதில் விளக்கின் நிறம் இருக்குமேயன்றிக் காயைப் பற்றிய செய்தி ஏறக்குறைய எதுவும் இராது.

ஒளிவிலகல் எண் 1.5 கொண்ட வழவழப்பான பரப்பு, செங்குத்தாக விழும் ஒளியில் சுமார் 4 விழுக்காட்டை அப்படியே திருப்பிவிடும். இது சிறிய அளவாகத் தோன்றலாம். ஆனால் இரண்டு இலைகளின் உட்புறத்திலிருந்து வரும் சிவப்பொளி முறையே 4, 5 விழுக்காடு என்று கொண்டால், முதல் இலையைக் காட்டிலும் இரண்டாவது கால்பங்கு மிகுதியாக ஒளி தருகிறது; மேற்பரப்பின் 4 விழுக்காடும் முழுமையாகச் சேர்ந்துவிட்டாலோ கருவி காண்பது 8, 9 என்பதாகிவிடும், வேறுபாடு எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். உணர்திறன் குறைவதற்கு உணரியைக் குறைகூறுவதும், விளக்கின் திறனைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று எண்ணுவதும் பரவலாகக் காணப்படும் பிழைகள். விளக்கைக் கூட்டினால் வேண்டாத ஒளியும் அதே விகிதத்தில்தான் கூடும்.

இதே போன்ற சிக்கலைக் கடல்நீரில் கைக்கருவிகளைக் கொண்டு அழகாகத் தீர்த்தவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன். கடலின் கருநீலம் வானத்தின் நிறம் நீரில் பட்டுத் திரும்புவதே என்று ரேலி பிரபு கூறியிருந்தார். 1921இல் ஆக்ஸ்போர்டு சென்று ‘நர்குண்டா’ கப்பலில் திரும்பிக்கொண்டிருந்த ராமன், ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் கடத்தும் நிக்கோல் பட்டகத்தின் வழியே கடலை நோக்கினார். நீர்ப்பரப்பின் செங்குத்துக்கோட்டுக்குச் சுமார் 53 பாகைச் சாய்வில் எதிரொளிக்கும் ஒளி ஏறத்தாழ முழுமையாக ஒரே தளத்தில் அதிரும் ஒளியாகிவிடும். இதற்குத் தளவிளைவு என்று பெயர். பட்டகத்தைத் திருப்பி அந்த ஒளியை அணைத்தபோது கடல் நிறமிழக்கவில்லை, முன்னிலும் ஆழ்ந்த நீலமாகத் தெரிந்தது. நீலம் நீருக்குள்ளிருந்தே வருகிறது என்ற அம்முடிவு அவ்வாண்டே ‘நேச்சர்’ இதழில் வெளியாயிற்று. ஒளிச்சிதறலில் ராமனுக்கு ஏற்பட்ட இந்த ஆர்வமே ராமன் விளைவு என்னும் 1928ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்புக்கு இட்டுச்சென்றது.

இன்றைய கருவிகளிலும் இதே உத்தி கையாளப்படுகிறது. விளக்கின் முன்னே ஒரு போலராய்டு தகடும், உணரியின் முன்னே அதற்குக் குறுக்காகத் திருப்பிய மற்றொரு தகடும் பொருத்தப்படும்போது, மேற்பரப்பில் பட்டு மீளும் ஒளி தன் அதிர்வுத் தளத்தை மாற்றிக்கொள்ளாததால் இரண்டாம் தகட்டில் தடைபடுகிறது. உள்ளே சிதறி வரும் ஒளியோ தளத்தை இழந்துவிடுவதால் அதில் பாதி கடந்துவிடுகிறது. முதல் தகட்டிலும் பாதி போய்விடுவதைச் சேர்த்துப் பார்த்தால், பயனுள்ள ஒளியிலேயே நான்கில் ஒரு பங்குதான் மிஞ்சும். அவ்வளவு இழந்தும் அளவீடு தெளிவடைவதுதான் இதன் சிறப்பு. செலவு குறைந்த வழி, 45 பாகைச் சாய்வில் ஒளியைப் பாய்ச்சிச் செங்குத்தாக நின்று நோக்குவது. ஆனால் உருண்டைக் காயின் வளைவில் ஏதாவதொரு புள்ளி விளக்கின் ஒளியை நேரே உணரிக்குள் அனுப்பிவிடக்கூடும். வெற்றிலைக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம், பளபளப்புக் குறைந்த அடிப்புறத்தைத் திருப்பி வைத்தாலே பாதித் தொல்லை தீரும்; ஒரு புறத்தைத் தேர்ந்துகொண்டபின் எல்லா இலைகளுக்கும் அதையே பின்பற்ற வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

உணரிக்கும் ஓர் எல்லை உண்டு. அளவுக்கு மீறிய ஒளி விழுந்தால் அது நிரம்பிவிடும். அதன்பின் காட்டும் எண்ணுக்குப் பொருளில்லை. எனவே ஒளியேற்கும் நேரத்தைக் குறைத்து, பலமுறை அளந்து சராசரி காண்பது வழக்கம். இரைச்சல் எனப்படும் தற்செயலான ஏற்ற இறக்கம் அளவீடுகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறைவதால், 100 அளவீடுகளின் சராசரியில் அது பத்தில் ஒரு பங்காகிவிடும்.

உலோக ஆடிகளில் நிலைமை தலைகீழாகிறது. அங்கே ஒழுங்கான எதிரொளிப்பே அளக்க வேண்டிய பொருள். வத்தலக்குண்டிலிருந்து மலையேறும் சாலை சென்று சேரும் கொடைக்கானலில் 1899இல் தொடங்கிய சூரிய ஆய்வகம், 1909இல் வானியலாளர் எவர்ஷெட் சூரியப்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை நிறமாலையின் வழியே கண்டறிந்த இடமாகும். பின்னாளில் அங்கு அமைந்த சுரங்கத் தொலைநோக்கியில், கோபுரத்தின் மேலுள்ளவை உட்பட மூன்று ஆடிகள் சூரிய ஒளியை வாங்கிக் கொடுக்கின்றன. அத்தகைய அமைப்பில் ஒவ்வோர் ஆடியும் 90 விழுக்காடு எதிரொளித்தால் இறுதியில் 73 விழுக்காடு கிடைக்கும்; பூச்சு மங்கி ஒவ்வொன்றும் 85 விழுக்காடாகிவிட்டால் 61தான். பெரிய ஆடிகளைக் கழற்றி ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுசெல்வது எளிதன்று என்பதால், இருக்கும் இடத்துக்கே எடுத்துச்செல்லும் கருவி தேவைப்படுகிறது.

மிக உயர்ந்த எதிரொளிப்பில்தான் நுண்மை கடினமாகிறது. 99, 98 விழுக்காடு எதிரொளிக்கும் இரு ஆடிகளின் வேறுபாடு, விளக்கின் சிறு தடுமாற்றத்திலேயே கரைந்துவிடும். விளக்கின் ஒளியில் ஒரு பகுதியைத் தனியே பிரித்து அளந்து ஒப்பிட்டால் தடுமாற்றத்தின் பாதிப்பு நீங்கும். அதற்கு மேலும் வேண்டுமெனில், ஒரே ஒளிக்கற்றையை ஆடியில் பத்துமுறை மோதவிட்டு அளக்கலாம். அப்போது முதலாவது 90 விழுக்காட்டையும் இரண்டாவது 82 விழுக்காட்டையும் தரும். முன்பு ஒன்றாயிருந்த வேறுபாடு எட்டுக்கும் மேலாகப் பெருகும்.