வண்ணத்தைச் சுரண்டிப் பார்க்கும் ஆய்வகம்

பொம்மைகளைச் சோதிக்கும் ஆய்வகத்தில் ஒரு மஞ்சள் நிற மரக் கார் மேசைமீது வைக்கப்படுகிறது என்று கொள்வோம். ஆய்வாளர் அதை உருட்டிப் பார்ப்பதில்லை. கூரிய கத்தி ஒன்றை எடுத்து, அடியிலுள்ள மரத்துகள் கலந்துவிடாதபடி, மேற்பூச்சான மஞ்சள் வண்ணத்தை மட்டும் மெல்லச் சுரண்டுகிறார். சுரண்டிய பொடியை அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் சலிக்கிறார். அப்பொடியின் எடையைப் போல் ஐம்பது மடங்கு எடையுள்ள, மிகவும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை அதனுடன் சேர்க்கிறார். அந்தக் கலவை 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், வெளிச்சம் படாமல், ஒரு மணி நேரம் குலுக்கப்படுகிறது; அடுத்த ஒரு மணி நேரம் அசையாமல் வைக்கப்படுகிறது. பின்னர் வடிகட்டிய நீர்மம் மட்டும் அளவிடும் கருவிக்குச் செல்கிறது.

37 டிகிரி என்பது மனித உடலின் வெப்பநிலை. அந்த அமிலம் இரைப்பையில் சுரக்கும் அமிலத்துக்கு ஈடானது. அதாவது, ஒரு குழந்தை அந்த மஞ்சள் வண்ணத்தைக் கடித்து விழுங்கினால் வயிற்றுக்குள் என்ன நிகழுமோ அதைக் கண்ணாடிக் குடுவைக்குள் நிகழ்த்திப் பார்ப்பதே இச்சோதனை. வண்ணத்தில் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்று ஆய்வகம் இங்கே கேட்பதில்லை. எவ்வளவு ஈயம் கரைந்து வெளியே வருகிறது என்றே கேட்கிறது. பொம்மைப் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் விடுபட்டுப்போகும் வேறுபாடு இது. உலோகம் இறுக்கமாகப் பிணைந்திருக்கும் ஒரு பொருள் இச்சோதனையில் தேறிவிடக்கூடும். அதே அளவு உலோகம் எளிதில் கரையும் வடிவில் இருந்தால் தேறாது. கையடக்க எக்ஸ் கதிர்க் கருவியைப் பொம்மைமீது வைத்துச் சில நொடிகளில் உலோகங்களின் மொத்த அளவை அறியவும் வழி உண்டு. ஆனால் அது சந்தேகத்தை எழுப்ப உதவும் முதற்கட்டப் பார்வையே. தீர்ப்பு அமிலக் குடுவையில்தான் கிடைக்கிறது.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 9873 என்ற தரநிலையின் மூன்றாம் பகுதி இச்சோதனையை விவரிக்கிறது. பன்னாட்டுத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 8124-ஐ ஒட்டியது அது. ஆன்டிமனி, ஆர்சனிக், பேரியம், காட்மியம், குரோமியம், ஈயம், பாதரசம், செலினியம் ஆகிய எட்டுத் தனிமங்களுக்கு அது வரம்பு வகுக்கிறது. ஈயத்துக்கு ஒரு கிலோகிராமுக்கு 90 மில்லிகிராம், காட்மியத்துக்கு 75, ஆர்சனிக்குக்கு 25. ஒரு கிலோ வண்ணப் பொடியில் ஏறத்தாழ நான்கு அரிசி மணிகளின் எடை அளவுக்கு ஈயம் கரைந்து வரலாம், அதற்குமேல் கூடாது என்பது இதன் பொருள். விரல்களால் தொட்டுத் தீட்டும் வண்ணங்களுக்கும் பிசைந்து உருவம் செய்யும் களிமண்ணுக்கும் சில தனிமங்களில் வரம்பு இன்னும் கடுமையானது. அவை குழந்தையின் நகக்கண்ணிலேயே தங்கிவிடுபவை அல்லவா?

இத்தகைய நுண்ணிய அளவீட்டில் ஒரே மாதிரியை இரண்டு ஆய்வகங்கள் சோதித்தால் விடைகள் சற்று வேறுபடுவது இயல்பு. அதற்காகத் தரநிலையே ஒரு திருத்தக் கணக்கை அனுமதிக்கிறது. ஈயத்துக்குக் கிடைத்த அளவிலிருந்து 30 விழுக்காட்டைக் கழிக்க வேண்டும். ஆய்வகக் கருவி 120 மில்லிகிராம் என்று காட்டினால், கழித்த பிறகு எஞ்சுவது 84. ஆகவே அப்பொம்மை தேறியதாகக் கொள்ளப்படும். வாசகருக்கு இது வியப்பளிக்கலாம். எனினும் விதி வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது என்பதையும், ‘தேறியது’ என்ற சொல்லுக்கு ‘ஈயமே இல்லை’ என்ற பொருள் கிடையாது என்பதையும் சேர்த்தே அறிந்துகொள்வது நல்லது. மேலும், ஒரு பொம்மையில் 10 மில்லிகிராமுக்கும் குறைவாக உள்ள பொருள் இச்சோதனைக்கு எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. பொம்மையின் கண்ணில் வைக்கப்பட்ட சிறு கருப்புப் புள்ளி அப்படித் தப்பிவிடக்கூடும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்காக? ஈயத்துக்கு இன்ன அளவு வரை ஆபத்தில்லை என்று சொல்லத்தக்க எல்லை எதுவும் அறியப்படவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. உட்கொள்ளும் ஈயத்தில் பெரியவர்கள் உறிஞ்சுவதைப் போல் நான்கைந்து மடங்கைச் சிறு குழந்தைகளின் உடல் உறிஞ்சிக்கொள்கிறது. உடல் அதைச் சுண்ணாம்புச் சத்து என்று தவறாகக் கருதி எலும்பில் சேமிக்கிறது. வளரும் மூளையைத் தொட்ட ஈயம், பின்னாளில் கற்கும் திறனிலும் கவனத்திலும் குறைவாக வெளிப்படுகிறது. காய்ச்சலைப் போலவோ வயிற்றுப்போக்கைப் போலவோ அடையாளம் காட்டிவிட்டு வருவதில்லை. இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த குழந்தையின் குடல் ஈயத்தை இன்னும் ஆவலோடு ஏற்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 விழுக்காட்டினர் இரத்தசோகை உள்ளவர்கள். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் சிக்கலின் ஆழம் விளங்கும்.

நம் குழந்தைகளின் இரத்தத்தில் சேரும் ஈயத்துக்குப் பொம்மை மட்டுமே காரணமன்று. பழைய மின்கலங்களை முறையின்றி உருக்கும் இடங்கள், கலப்பட மசாலாப் பொடிகள், வீட்டுச் சுவர்களின் பழைய வண்ணம் ஆகியவையும் உண்டு. பொம்மையைவிடப் பெரிய பங்கு அவற்றுக்கு இருக்கக்கூடும். ஆயினும் குழந்தையின் வாய்க்குள் நாமே விலை கொடுத்து வைக்கும் பொருள் பொம்மை. அதைத் தவிர்ப்பது நம் கையில் இருக்கிறது.

ஈயம் பொம்மைக்குள் எப்படி வருகிறது? பெரும்பாலும் யாருடைய தீய எண்ணத்தாலும் அன்று. வண்ண டப்பாவின் வழியாகத்தான். ஈயக் குரோமேட் கலந்த மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்பும் பளிச்சென்று ஒளிரும், வெயிலில் எளிதில் மங்கா, விலையும் மலிவு. வண்ணம் விரைவில் உலர்வதற்காகச் சேர்க்கப்படும் ஈயச் சேர்மங்களும் உண்டு. வீட்டு உபயோகம் மற்றும் அலங்கார வண்ணப் பூச்சுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்ற மத்திய அரசின் விதிகள் 2016-இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளன. தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான வண்ணங்கள் அவ்விதிகளின் எல்லைக்குள் வரவில்லை. ஒரு சிறு பட்டறைக்காரர் கடையில் எந்த டப்பாவை எடுக்கிறார் என்பதில்தான் அவர் செய்யும் பொம்மையின் தன்மை முடிவாகிறது.

மென்மையான நெகிழிப் பொம்மைகளின் கதை வேறு. பி.வி.சி. இயல்பில் விறைப்பானது. அழுத்தினால் கீச்சிடும் வாத்தாகவோ வளையும் பாம்பாகவோ அதை மாற்ற, தாலேட் என்னும் எண்ணெய் போன்ற வேதிப்பொருள்கள் கலக்கப்படுகின்றன. அவை நெகிழியோடு வேதிப் பிணைப்புக் கொள்வதில்லை. இடையே தங்கியிருப்பவை மட்டுமே. ஆகவே சப்பும்போது உமிழ்நீரில் கசிகின்றன. இவற்றுள் சில, உடலின் ஹார்மோன் ஒழுங்கைக் குலைப்பவை. குறிப்பாக ஆண் குழந்தைகளின் இனப்பெருக்க உறுப்புகளின் வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியவை. ஆய்வகத்தில் நெகிழித் துண்டுகளைக் கரைப்பானில் ஊறவைத்துத் தாலேட்டைப் பிரித்தெடுத்து, வாயு வண்ணப்பிரிகைக் கருவியில் ஒவ்வொன்றாக அடையாளம் காண்கிறார்கள். ஐ.எஸ். 9873-இன் ஒன்பதாம் பகுதி இதற்குரியது. வரம்பு, எடையில் 0.1 விழுக்காடு. மென்மை வேண்டி இப்பொருள்களைச் சேர்ப்பவர்கள் பத்து, இருபது விழுக்காடு என்று சேர்ப்பதே வழக்கம் என்பதால், தவறிய பொம்மை மயிரிழையில் தவறுவதில்லை.

இச்சோதனைகள் நம் நாட்டில் கட்டாயமானது அண்மையில்தான். 2007 ஆகஸ்டில் மேட்டல் நிறுவனம், வண்ணத்தில் ஈயம் இருந்ததால், அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 9,67,000 பொம்மைகளைத் திரும்பப் பெற்றது. உலகெங்கும் பெற்றோர் விழித்துக்கொண்ட தருணம் அது. 2009 ஜனவரியில் இந்தியா சீனப் பொம்மைகளின் இறக்குமதிக்கு ஆறு மாதத் தடை விதித்து, பின்னர் உரிய சான்றிதழ் உள்ளவற்றுக்கு வழிவிட்டது. 2019-இல் இந்தியத் தரக் கவுன்சில், தில்லி வட்டாரச் சந்தையில் வாங்கிய 121 வகைப் பொம்மைகளைச் சோதித்தபோது ஏறத்தாழ 67 விழுக்காடு தேறவில்லை. உடைந்து கூராகும் விளிம்பு போன்ற குறைகளால் தவறியவை அவற்றுள் மிகுதி. வேதிப்பொருளால் தவறியவையும் கணிசமாக இருந்தன. அதன்பின் 2020 பிப்ரவரியில் பொம்மைகள் தரக் கட்டுப்பாட்டு ஆணை வெளியாயிற்று. 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கான பொம்மைகள் ஐ.எஸ்.ஐ. முத்திரையின்றி இந்தியாவில் விற்கப்படலாகாது. இறக்குமதிப் பொம்மைகளுக்கும் இது பொருந்தும்.

முத்திரையைப் பார்ப்பது ஒன்று, படிப்பது மற்றொன்று. ஐ.எஸ்.ஐ. சின்னத்தின் மேலே தரநிலையின் எண் இருக்க வேண்டும்: மின்சாரமோ மின்கலமோ இல்லாத பொம்மைக்கு ஐ.எஸ். 9873, மின்சாரப் பொம்மைக்கு ஐ.எஸ். 15644. சின்னத்தின் கீழே ‘சி.எம்./எல்.’ என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். இவ்விரு எண்களும் இல்லாத வெறும் சின்னம், நீர்க்குறி இல்லாத ரூபாய் நோட்டுக்குச் சமம். தர நிர்ணய அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அந்த உரிம எண்ணை இட்டால், உற்பத்தியாளரின் பெயரும் உரிமம் நடைமுறையில் உள்ளதா என்பதும் தெரிந்துவிடும். ஐந்நூறு ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் உயர்த்திப் பார்க்கத் தயங்காத நாம், ஐந்நூறு ரூபாய்ப் பொம்மைக்கும் அந்த அரை நிமிடத்தைச் செலவிடலாம். முத்திரையில்லாப் பொம்மை நடைபாதைக் கடைகளில் மட்டுமே இருக்கும் என்று எண்ண வேண்டாம். 2023 தொடக்கத்தில் அமைவனத்தின் அலுவலர்கள் ஒரு மாத காலத்தில் 18,000-க்கும் மேற்பட்ட பொம்மைகளைப் பறிமுதல் செய்தபோது, அவற்றுள் விமான நிலையங்களிலும் பேரங்காடிகளிலும் இருந்த கடைகளின் சரக்கும் அடங்கியிருந்தது.

முத்திரை எட்டாத இடங்களும் உண்டு. கைவினை மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்களின் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் ஆணையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. இது நியாயமான விலக்கு என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. கர்நாடகத்தின் சென்னபட்டணத்தில் வெட்பாலை மரத்தைக் கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டு, நிறமேற்றிய அரக்குக் குச்சியை அதன்மீது அழுத்துகிறார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படிகிறது. பின் தாழை ஓலையால் மெருகேற்றுகிறார்கள். மரபுப்படி அந்நிறங்கள் மஞ்சள், அவுரி போன்ற தாவரங்களிலிருந்து வருபவை. இங்கே ஆய்வகத்தின் வேலையைப் பரம்பரை அறிவு ஓரளவு செய்துவிடுகிறது. ஆனால் எல்லாக் கைவினைப் பொம்மையும் அவ்வாறு செய்யப்படுவதில்லை. மரத்தாலானது என்பதாலேயே எதுவும் தூயதாகிவிடாது. மேலே பூசப்பட்டது டப்பா வண்ணமாக இருக்கலாம். “இது அரக்கா, பெயின்டா?” என்று கைவினைஞரிடமே கேட்பது தவறன்று. தொழிலை மதிப்பவர்கள் அக்கேள்விக்கு மகிழ்ச்சியோடு விடை சொல்வார்கள்.

பரணில் கிடக்கும் பழைய பொம்மைகள் இன்னொரு வகை. தாத்தா விளையாடிய தகரக் கார், அத்தை வைத்திருந்த வண்ண மரக்குதிரை முதலியவை எந்தச் சோதனைக்கும் உட்படாத காலத்தவை. வண்ணம் உதிரத் தொடங்கியிருந்தால், கண்ணாடி அலமாரியே அவற்றுக்கு உரிய இடம். ‘இது பொம்மையன்று, அலங்காரப் பொருள்’ என்று அச்சிட்டு விற்கப்படுபவற்றையும் குழந்தையின் கையில் தராதிருப்பதே நலம். இறுதியாக, ஆய்வகம் தேடச் சொன்னதை மட்டுமே தேடும். மின்னணுக் கழிவிலிருந்து மறுசுழற்சி செய்த கருப்பு நெகிழியில், தீ பரவாமல் தடுக்கச் சேர்க்கப்படும் புரோமின் சேர்மங்கள் பொம்மைகள் வரை வந்து சேர்வதைப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எட்டுத் தனிமங்களின் பட்டியலில் அவை இல்லை. தரநிலைகள் காலந்தோறும் திருத்தப்பட வேண்டியதற்கு இது ஒரு சான்று.

சிறு உற்பத்தியாளர்களின் சுமையையும் சொல்ல வேண்டும். வண்ணத்துக்கு வண்ணம், பொருளுக்குப் பொருள் தனித்தனியே சோதிக்கும் கட்டணம், நூறு வகைப் பொம்மைகளைச் சிறு எண்ணிக்கையில் செய்யும் பட்டறைக்கு எளிதில் தாங்கக்கூடியதன்று. குறுந்தொழில் நிறுவனங்களுக்குச் சொந்த ஆய்வகம் அமைக்கும் நிபந்தனையிலிருந்து அமைவனம் சில காலம் தளர்வு அளித்தது அதனால்தான். அத்தொழிலில் இருக்கும் நம் வாடிக்கையாளர்கள், பொம்மை முழுதும் உருவான பிறகு அதைச் சோதனைக்கு அனுப்புவதைவிட, வண்ணத்தையும் நெகிழிக் குருணையையும் வாங்கும்போதே விற்பவரிடம் ஆய்வறிக்கை கேட்டுப் பெறுவது செலவைக் குறைக்கும். அறிக்கை, என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தினுடையதாகவும், வாங்கும் அதே தொகுதிக்கு உரியதாகவும் இருக்க வேண்டும்.

வாங்குவோர், பொம்மையின் அட்டைப் பெட்டியையும் விலைச்சீட்டையும் உடனே எறிந்துவிடாமல் சில மாதங்களேனும் வைத்திருக்கலாம். உரிம எண் பெரும்பாலும் பெட்டியில்தான் அச்சிடப்பட்டிருக்கும். முத்திரையில்லாப் பொம்மை விற்கப்படுவதையோ உரிம எண் பொய்யாக இருப்பதையோ கண்டால், அதே செயலியில் புகைப்படத்துடன் புகார் பதிவு செய்யலாம்.